ஒரு நாள் நின்ற உலை

மூர்மன்ஸ்க் துறைமுகத்தில் போய் வெனியமின் த்யாகுனோவ் எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். உருளைக்கிழங்கு வேன்யா எங்கே என்று கேட்டால், வாயில் ரொட்டியை வைத்திருப்பவன்கூட மெல்லுவதை நிறுத்தாமல் கையை நீட்டித் திசை காட்டுவான். அந்தப் பெயர் அவனுக்கு ஒரே ஒரு நாளால் வந்தது. அதே நாளால் அவனுடைய நாற்காலியும் போனது.

நாற்காலி என்றால் சும்மா உட்காருகிற நாற்காலி இல்லை. அணு உலையில் ஓடும் பனியுடைப்புக் கப்பலில், உலையின் கட்டுப்பாட்டுப் பலகைக்கு எதிரே தரையோடு முடுக்கி வைத்திருக்கும் நாற்காலி. கப்பலில் நூற்றுக்கு மேல் ஆள் இருந்தாலும் அதில் உட்காரத் தகுதி உள்ளவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வேன்யா அந்த இடத்துக்குப் பன்னிரண்டு வருஷம் ஆசைப்பட்டான்.

ஆசைக்குக் காரணம் அவன் அப்பா. கந்தலாக்ஷாவில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். வாழ்நாள் முழுக்க அள்ளினார், கடைசி காலத்தில் இருமினார், இருமலில் வந்ததும் கறுப்பாகத்தான் வந்தது. வேன்யா எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனான், பிறகு அவனும் பழைய நீராவிக் கப்பல் ஒன்றில் கரி அள்ளப் போனான். அங்கே யாரோ சொன்னார்கள், ஒரு கைப்பிடி யுரேனியம் முழுசாகப் பிளந்தால் ஒரு ரயில் நிறையக் கரி எரிந்த சூடு வருமாம், புகை இல்லை, சாம்பல் அள்ள வேண்டியதில்லை, உலையைப் பார்த்துக்கொள்கிறவன் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பானாம். வேன்யா கேட்டுக்கொண்டான். அடுத்த வருஷம் அணுக்கப்பலில் டர்பைன் அறையில் எண்ணெய் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தான். மாலைப் பள்ளியில் மீதி வகுப்புகளை முடித்தான். முடித்ததும் உலை இயக்குபவர் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டான்.

தேர்வு வாய்மொழித் தேர்வு. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சால்வை போர்த்திய ஒரு அம்மாள், பௌதிகம் படித்தவர். வேன்யா வால்வு, பம்பு, கம்பி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டான். கடைசியில் அந்த அம்மாள் கேட்டார்:

"தோழர் த்யாகுனோவ், உங்க உலைல யுரேனியம் அணுக்கரு ரெண்டா உடையுது, சூடு வருது. சூரியன்ல ஹைட்ரஜன் கருக்கள் ஒண்ணா ஒட்டி ஹீலியம் ஆகுது, அங்கயும் சூடு வருது. பிச்சாலும் சூடு, ஒட்டினாலும் சூடு. அப்ப ஒண்ணையே பிச்சுப் பிச்சு ஒட்டிக்கிட்டே இருந்தா, காலம் பூரா ஓசில சூடு எடுக்கலாமே. ஏன் முடியாது? தெரியுமா?"

"தெரியும்" என்றான் வேன்யா.

சொல்லிவிட்டுப் புத்தகத்தில் இருந்த பத்தியை ஒப்பித்தான். உடைந்த துண்டுகளின் எடை முழுக்கருவின் எடையைவிடக் கொஞ்சம் குறைவு, குறைந்த எடைதான் சக்தியாக வெளியே வருகிறது என்று கடகடவென்று சொன்னான். எல்லாம் சரி. அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அது நான் கேக்காத கேள்விக்குப் பதில். நான் கேட்டதுக்கு?" என்றார்.

வேன்யா ஒப்பித்ததையே திரும்பச் சொல்லப் போனான்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா பாஸ் போட்டிருப்பேன். தெரியாததைத் தெரியும்னு சொல்ற ஆளை உலை முன்னாடி உக்கார வைக்க முடியாது. அடுத்த வருஷம் வாங்க."

இந்த விஷயம் கப்பல் சமையலறைவரை போய்விட்டது. அங்கே ஸினயிதா இருந்தாள், தலைமைச் சமையல்காரி, எல்லோருக்கும் ஸினா அக்கா. அவள் கரண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பிச்சாலும் சூடு ஒட்டினாலும் சூடா? என் ரெண்டு கல்யாணமும் அப்படித்தான் இருந்துச்சு. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

விடை வேன்யாவுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. ஜனவரி கடைசியில் கிடைத்தது. நாற்பது நாள் இருட்டுக்கு அப்புறம் மூர்மன்ஸ்கில் சூரியன் தலையைக் காட்டுகிற நாட்கள் அவை. ஊரே குன்றுமேல் ஏறிவிடும். தேநீர்ப் பாத்திரம் புகையும், ப்ளினி அப்பம் வேகும், அக்கார்டியன்காரன் கையுறையோடு வாசிப்பான். வேன்யாவும் மனைவி லீதாவும் மகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம். பிள்ளைகள் இந்தப் பக்கத்து மேட்டிலிருந்தும் சறுக்குகிறார்கள், அந்தப் பக்கத்து மேட்டிலிருந்தும் சறுக்குகிறார்கள். எல்லாச் சறுக்குவண்டியும் பள்ளத்தில் வந்துதான் நிற்கிறது. அங்கிருந்து எதுவும் தானாக மேலே போகவில்லை.

வேன்யா பார்த்துக்கொண்டே நின்றான். லீதா கேட்டாள், "என்ன, கால் உறைஞ்சு போச்சா?"

"பள்ளத்துல இரும்பு இருக்கு" என்றான்.

"எங்க? பிள்ளைங்க முட்டிக்கப் போவுது."

"அந்த இரும்பு இல்ல."

அவன் தலைக்குள் ஓடியது இதுதான். அணுக்கருக்களிலேயே இறுக்கமாகக் கட்டுண்டு கிடப்பது இரும்பும் அதன் அக்கம்பக்கத்து உலோகங்களும். அதுதான் பள்ளம். இந்தப் பக்கத்து மேட்டில், நீளமான சரிவின் உச்சியில், கனமான யுரேனியம். அது உடைந்தால் துண்டுகள் பள்ளத்தை நோக்கி இறங்குகின்றன. அந்தப் பக்கத்து மேட்டில், செங்குத்தான சரிவின் உச்சியில், லேசான ஹைட்ரஜன். அது ஒட்டினால் பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. சூடு வருவது பிய்ப்பதாலும் இல்லை, ஒட்டுவதாலும் இல்லை. இறங்குவதால். இறங்கி வந்ததை மறுபடி மேலே கொண்டுபோக வேண்டுமென்றால், வந்த சூட்டை எல்லாம் திருப்பிக் கொடுத்து இழுத்துக்கொண்டு ஏற வேண்டும், அதோ மூக்கு ஒழுக வண்டியை இழுத்துக்கொண்டு ஏறுகிற பிள்ளைகளைப் போல. ஓசியில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பக்கத்து மேட்டு உச்சியில் ஒரு பனி வரப்பு. அதைத் தாண்ட நாலு பேர் சேர்ந்து முக்கித் தள்ள வேண்டியிருந்தது, தாண்டிவிட்டால் வண்டி பறந்தது. ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றையொன்று தள்ளிவிடுகிற குணம் உள்ளவை. அந்தத் தள்ளலை மீறி நெருங்க வைக்கச் சூரியன் அளவுக்குப் பாரமும் வெப்பமும் வேண்டியிருக்கிறது. யுரேனியத்துக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு நியூட்ரான் வந்து லேசாக ஒரு உதை கொடுத்தால் போதும். கரு நீர்த்துளி மாதிரி நீண்டு, இடுப்பு மெலிந்து, இரண்டாகத் தெறிக்கும். தெறிக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான் வெளியே வரும், அவை அடுத்த கருக்களை உதைக்கும்.

அடுத்த வருஷம் அந்த அம்மாள் அதே கேள்வியைத்தான் கேட்டார். வேன்யா சறுக்குவண்டியைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை, பாஸ் போட்டார்.

நாற்காலி கிடைத்தது. நான்கு வருஷம் உட்கார்ந்தான். சத்தமில்லாத வேலை. கட்டுப்பாட்டுக் கம்பிகள் நியூட்ரானை விழுங்கும். கம்பியைக் கொஞ்சம் தூக்கினால் பிளவு கூடும், இறக்கினால் குறையும். துண்டுகள் உலோகத்தில் இடித்துச் சூடேற்றும், அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு தண்ணீரை நீராவியாக்கும், நீராவி டர்பைனைச் சுழற்றும், முன்னால் இரண்டு ஆள் உயரப் பனி உடையும். வேன்யா முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை விழ விடமாட்டான்.

அந்தக் கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. எதனாலாவது கம்பிகள் தாமாக விழுந்து உலை நின்றுபோனால், திரும்பத் தூக்கும் சாவி தலைமைப் பொறியாளர் கழுத்தில் தொங்கும். ஆனால் நாற்காலியில் இருப்பவன் "காரணம் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் அவர் சாவியைத் திருப்பக் கூடாது. யார் எப்போது ஏற்படுத்தினார்களோ தெரியாது. எல்லோரும் அதைத் தும்மினால் நலம் சொல்வது மாதிரிச் சொல்லிவிடுவார்கள். தலைமைப் பொறியாளர் ரொமன் இக்னாத்தியெவிச், நல்ல மனிதர், அவசரக்காரர், பாதி வார்த்தை காதில் விழும்போதே சாவியைத் திருப்பிவிடுவார்.

இன்னொன்று, மாமியார். உலைத் தண்ணீரின் அழுத்தத்தை மூன்று மானிகள் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றில் இரண்டு "அழுத்தம் குறைகிறது" என்று சொன்னால் கம்பிகள் விழுந்துவிடும். மூன்றாவது மானி எப்போதும் எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருந்ததால் அதற்கு மாமியார் என்று பெயர். அது முனகினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நாலாவது வருஷக் குளிர்காலத்தில் காரா கடலில் ஒரு சரக்குக் கப்பலைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரையோரக் குடியிருப்பு ஒன்றுக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாவும். மதியம், ஆனாலும் வெளியே இருட்டுதான். பனி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தது. பனியுடைப்புக் கப்பல் முன்னால் போய் வழி வெட்டி, திரும்பி வந்து சரக்குக் கப்பலின் பக்கத்துப் பனியைத் தளர்த்திவிட்டு, மறுபடி முன்னால் போகும். அப்படி ஒரு தடவை முன்னால் போயிருந்தபோது மணி அடித்தது. மாமியார் சிவப்பு. இரண்டாவது மானியும் சிவப்பு. கம்பிகள் விழுந்தன. உலை நின்றது.

விளக்கு ஒரு கணம் மங்கி டீசலுக்கு மாறியது. பம்புகள் ஓடின. அவை நிற்கக் கூடாது. பிளவு நின்றாலும் உடைந்த துண்டுகள் சும்மா இருப்பதில்லை, சூட்டைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும்.

ரொமன் இக்னாத்தியெவிச் கழுத்துச் சாவியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். "சீக்கிரம் வேன்யா. இது கடைசிக் காலத்து எரிபொருள். ஒரு மணி நேரந்தான் நமக்கு. அதுக்கப்புறம் ஸெனான் வந்து உக்காந்துரும்."

வேன்யாவுக்கும் அது தெரியும். பிளந்த துண்டுகளில் அயோடின் ஒன்று. அது கொஞ்ச நேரத்தில் ஸெனானாக மாறும். ஸெனான் நியூட்ரானைக் கண்டால் விடாது, ஒன்று விடாமல் விழுங்கும். உலை ஓடும்போது அந்த ஸெனான் உண்டாக உண்டாகக் கரைந்துவிடும். உலை நின்றால் சேர்ந்துகொண்டே போகும். புது எரிபொருளாக இருந்தால் அதையும் மீறிக் கிளப்பலாம். பழைய எரிபொருளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஸெனான் தானாக அழிய ஒரு நாளைக்கு மேல் ஆகும். அதுவரை கம்பியை எவ்வளவு தூக்கினாலும் உலை கண் திறக்காது.

"காரணம்?" என்றார் ரொமன் இக்னாத்தியெவிச். சாவி ஓட்டைக்குள் போய்விட்டது.

வேன்யா மூன்று மானிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வேன்யா, காரணம்?"

"மாமியார் எப்பவும் சொல்றதுதான். ரெண்டாவது ஏன் சொல்லிச்சு?"

"ரெண்டு மானியோட ஒயரும் ஒரே இணைப்புப் பெட்டி வழியா வருது. ஈரம் பட்டிருக்கும். போன வருஷமும் ஆச்சு."

"போன வருஷம் பெட்டியத் திறந்து பாத்தோம். இப்ப பாத்தீங்களா?"

"பெட்டி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு மூடி கழட்டணும், உடுப்பு மாத்தணும், உள்ள போய் வரவே ஒண்ணரை மணி நேரம். அங்க ஒரு கப்பல் பனிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கு. முதல் மானி நல்லாத்தானே இருக்கு? அழுத்தம் இறங்கல. நீ நம்பலையா?"

"நம்புறேன், ரொமன் இக்னாத்தியெவிச். ஈரமாத்தான் இருக்கும்."

"அப்ப சொல்லு."

"நம்புறேன்னு சொல்றேன். தெரியும்னு சொல்ல முடியல."

ரொமன் இக்னாத்தியெவிச் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "அது ஒரு பேச்சுய்யா. சும்மா சொல்ற வார்த்தை."

"சும்மா சொல்ற வார்த்தைன்னா நீங்களே சொல்லிக்கலாமே."

அவர் சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சாவியைப் பிடித்த கை அப்படியே நின்றது. மேல்தளத்திலிருந்து கேப்டன் ஒலிபெருக்கியில் கேட்டார், உலை எப்போது வரும் என்று. ரொமன் இக்னாத்தியெவிச் வேன்யாவைப் பார்த்தார். வேன்யா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்துப்பட்டை நனைந்திருந்தது.

"நாளைக்கு" என்று சொல்லிவிட்டு ரொமன் இக்னாத்தியெவிச் சாவியை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஈரம்தான். ஒரு தேக்கரண்டி தண்ணீர் இருந்திருக்கும். வேறு ஒரு குறையும் இல்லை. ரொமன் இக்னாத்தியெவிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. உலை அன்றைக்கு எழவில்லை. டீசலில் விளக்கும் பம்பும் ஓடலாம், பனி உடைக்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சரக்குக் கப்பல் நெருக்குண்டு கிடந்தது, அதன் விளக்குகள் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்வதைத் தளத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பக்கத் தகடு ஒன்று வாய் பிளந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் கிடங்குக்குள் கடலும் குளிரும் புகுந்து உருளைக்கிழங்கு முழுக்கக் கல்லாக உறைந்தது. மறுநாள் சாயங்காலம் உலை எழுந்தது, போய் இழுத்து வந்தார்கள். குடியிருப்பில் இறக்கி உருக வைத்தபோது கிழங்கு கறுத்துக் கூழாகிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே மாக்கரோனிதான் தின்றார்கள். யார் காரணம் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

கப்பல் சாப்பாட்டறையில் வேன்யாவுக்குப் பக்கத்தில் இருந்த இடம் காலியாகவே கிடந்தது. ஸினா அக்காதான் ஒரு நாள் அவன் தட்டில் வேகவைத்த ஒற்றைக் கிழங்கை வைத்துவிட்டுப் போனாள். அறை முழுக்கச் சிரித்தது. வேன்யா தோலை உரித்து, உப்பு தொட்டுத் தின்றான்.

"ருசி எப்படி, உருளைக்கிழங்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"வேகல" என்றான் வேன்யா.

ஊர் திரும்பியதும் விசாரணை நடந்தது. விதிப்படி நடந்துகொண்டார், குற்றம் இல்லை என்று தீர்ப்பு. கைகுலுக்கினார்கள். அடுத்த பயணத்தில் அவன் பெயர் டர்பைன் அறையில் இருந்தது. தண்டனை இல்லை, ஆள் மாற்றம் என்றார்கள். வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

லீதா வீட்டில் கேட்டாள்: "ரெண்டே வார்த்தை. சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? கடைசில அதுதானே காரணம்."

"அதுதான்" என்றான் வேன்யா. "ஆனா அப்ப எனக்குத் தெரியாதே."

அவள் ஹெர்ரிங் மீனை நறுக்கப் போனாள். அவன் தூங்கினானா, வருந்தினானா என்றெல்லாம் கேட்டால், இரண்டும்தான். உறைந்த கிழங்கு கனவில் வந்தது என்று ஒரு தடவை ஸினா அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அவள், "எனக்கு உரிக்காத கிழங்கு கனவுல வரும், அதைவிட மோசம், வந்து உக்காரு" என்று கத்தியைக் கையில் கொடுத்தாள். அதிலிருந்து வேலை முடிந்த நேரங்களில் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்கு உரித்துக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருஷம் கழித்து, அதே கடலில், உலை மறுபடி நின்றது. எரிபொருள் மாற்றியிருந்தார்கள், நேரம் கொஞ்சம் தாராளமாக இருந்தது. பின்னால் இரண்டு சரக்குக் கப்பல்கள். வேன்யா அப்போது சமையலறையில் பாதி உரித்த கிழங்கோடு இருந்தான். கத்தியை வைத்துவிட்டு டர்பைன் அறைக்கு ஓடினான். அங்கே சுவரில் கட்டுப்பாட்டு அறையின் பேச்சு கேட்கும் ஒலிபெருக்கி உண்டு.

"காரணம்?" என்று ரொமன் இக்னாத்தியெவிச்சின் குரல் கேட்டது.

"தெரியும்" என்றான் நாற்காலியில் இருந்த புது இயக்குபவன், பட்டென்று.

டர்பைன் அறையில் எல்லோரும் வால்வுகளில் கை வைத்து நின்றார்கள். அடுத்தது சாவி திரும்பும் சத்தம். அது வரவில்லை.

"தெரியுமா, நம்புறியா?" என்றது ஒலிபெருக்கி.

அப்புறம் புதியவன், "நம்புறேன், ரொமன் இக்னாத்தியெவிச்" என்றான்.

"அப்ப போய்ப் பாத்துட்டு வரச் சொல்லு."

டர்பைன் அறையில் சிலர் திரும்பி வேன்யாவைப் பார்த்தார்கள். அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான். கிழங்கு மாவு விரலிடுக்கில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு வால்வின் அடைப்பு தேய்ந்து கசிந்துகொண்டிருந்ததாம், சின்னக் கசிவு. அதை மூடிவிட்டு மாற்று வழியைத் திறந்தார்கள். பிறகுதான் சாவி திரும்பியது. குழாய்கள் முதலில் முனகி, பிறகு இரைந்து, நீராவி வந்தது. வேன்யா தன் வால்வை மெதுவாகத் திறந்தான்.

நாற்காலி அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. வேலை முடிந்து சமையலறைக்குப் போனபோது, விட்டுப் போன கிழங்கு காற்றுப்பட்டுச் சிவந்திருந்தது. ஸினா அக்கா அதைத் தண்ணீரில் போட்டாள்.

"நின்னுச்சாமே. எதுக்காம்?" என்றாள்.

"கசிவு."

"போய்ப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க" என்று சொல்லி, வேன்யா அடுத்த கிழங்கை எடுத்தான்.